கோவையின் குழாய்நீரும் வளர்ப்பு மீன்களும்

குழாய்நீரை வளர்ப்பு மீன்களுக்கு ஏற்றதாக்குதல் என்பது, மனிதர் குடிப்பதற்காகக் குளோரின் கலந்து வழங்கப்படும் நீரிலிருந்து அந்தக் குளோரினை நீக்கி, மீன்தொட்டியில் ஊற்றத் தக்கதாக மாற்றும் செயலாகும். மனிதரை நோயிலிருந்து காக்கும் அளவே மீனைக் கொல்லும் அளவாகவும் இருப்பதால் இச்செயல் தேவையாகிறது. கோயம்புத்தூரில் இதன் வரலாறு சிறுவாணிக் குடிநீரோடும், கொங்கு நாட்டின் துணித் தொழிலோடும் பிணைந்தது.

கிணற்றிலிருந்து குழாய்க்கு

கோயம்புத்தூர் 1866-இல் நகராட்சியானது. அக்காலத்தில் ஊர் மக்கள் கிணறுகளையும், நொய்யலாற்று நீரால் நிரம்பும் குளங்களையுமே நம்பியிருந்தனர். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதியில் இருப்பதால் கோடையில் தட்டுப்பாடு கடுமையாக இருந்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிளேக் நோயும் நகரை வாட்டியது. நகரில் இன்றும் உள்ள பிளேக் மாரியம்மன் கோயில்கள் அக்காலத்தின் நினைவாக நிற்கின்றன.

மலைக்கு அப்பால் ஓடிப் பவானியில் கலக்கும் சிறுவாணி ஆற்றின் நீரைக் கோவைக்குத் திருப்பலாம் என்று 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே வலியுறுத்தியவர் இதழாளர் சே. ப. நரசிம்மலு நாயுடு. பல ஆண்டு முயற்சிக்குப் பின், நகராட்சித் தலைவர் சி. எஸ். இரத்தினசபாபதி முதலியார் காலத்தில், 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே சிறுவாணி நீர் நகருக்கு வந்தது. தமிழ்நாடு, கேரள அரசுகள் 1973-இல் செய்துகொண்ட ஒப்பந்தப்படி கட்டப்பட்ட சிறுவாணி அணை 1984-இல் பயன்பாட்டுக்கு வந்தது. பின்னர் பவானி ஆற்றின் பில்லூர் அணையிலிருந்தும் நீர் கொண்டுவரப்பட்டது.

கிணற்று நீரில் மீன் விடுவது எளிது. அதில் குளோரின் இல்லை. கொசுப்புழுவைத் தின்ன 1928-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட கம்பூசியா மீனும், அதற்கு முன்பே வந்த கப்பி மீனும் கிணறுகளிலும் தொட்டிகளிலும் விடப்பட்டு நன்கு பெருகின. சுத்திகரிப்பு நிலையத்தில் குளோரின் கலந்து வரும் நீரில்தான் சிக்கல் தொடங்கியது.

துணி வெளுப்பிலிருந்து குடிநீருக்கு

குளோரின் வாயுவை 1774-இல் சுவீடன் வேதியியலாளர் ஷீலே பிரித்தெடுத்தார். அதன் முதல் பெரும் பயன் துணி வெளுத்தலே. புல்வெளியில் வாரக்கணக்கில் வெயிலில் விரித்து வெளுத்த துணியைச் சில மணி நேரத்தில் வெளுக்க அது உதவியது. கிளாஸ்கோவைச் சேர்ந்த சார்லஸ் டென்னன்ட் 1799-இல் சலவைத்தூளுக்குக் காப்புரிமை பெற்றார். இன்று பிளீச்சிங் பவுடர் என்று எல்லோரும் அறிந்த பொருள் இதுவே.

நூறாண்டு கழித்தே அது குடிநீருக்கு வந்தது. பெல்ஜியத்தின் மிடில்கெர்க் ஊரில் 1902-இலும், அமெரிக்காவின் ஜெர்சி நகரில் 1908-இலும் குடிநீரில் தொடர்ச்சியாகக் குளோரின் சேர்மங்கள் கலக்கப்பட்டன. காலராவும் டைபாய்டும் குறையவே, உலகெங்கும் நகரங்கள் இம்முறையைப் பின்பற்றின. இந்தியத் தர நிர்ணயப்படி, நுகர்வோர் குழாயை அடையும் நீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் எஞ்சிய குளோரின் இருக்க வேண்டும். நீர் நெடுந்தொலைவு செல்லும் வழியில் மீண்டும் கிருமி சேர்ந்தால் அதை அழிக்கவே இந்த எச்சம்.

மீனுக்கு ஏன் நஞ்சு

குடிக்கும் நீரிலுள்ள குளோரின் மனித வயிற்றில் உணவோடும் செரிமான நீரோடும் வினைபுரிந்து செயலிழந்துவிடுகிறது. மீனின் நிலை வேறு. அது நீரைச் செவுள்களின் வழியே ஓயாமல் செலுத்தி மூச்சுவிடுகிறது. செவுளின் மெல்லிய தோல் குளோரினால் வெந்து, ஆக்சிஜனை ஏற்கும் திறனை இழக்கிறது. மீன் நீர்மட்டத்துக்கு வந்து வாய் திறந்து திணறுவது இதன் அறிகுறி. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1984-இல் நன்னீர் உயிர்களுக்கு வகுத்த வரம்பு, குறுகிய நேரத்துக்கு லிட்டருக்கு 0.019 மில்லிகிராம். நம் குழாய்நீரில் இருக்க வேண்டிய குறைந்த அளவு இதைப் போலப் பத்து மடங்கு.

இன்னொரு கேடும் உண்டு. மீனின் கழிவிலிருந்து உண்டாகும் அமோனியாவைத் தொட்டியில் வாழும் நுண்ணுயிர்கள் முதலில் நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. குளோரின் இந்த நுண்ணுயிர்களையும் கொன்றுவிடுகிறது. எனவே நீர் மாற்றிய அன்று பிழைத்த மீன்கள் சில நாள் கழித்து அமோனியா மிகுந்து இறப்பதும் உண்டு.

முறிமருந்தும் துணித் தொழிலில்

குளோரினை நீக்கப் பழைய வழி காத்திருத்தல். வாயகன்ற பாத்திரத்தில் நீரைத் திறந்து வைத்தால் ஏறத்தாழ ஒரு நாளில் குளோரின் வெளியேறிவிடும். வெயிலும் காற்றுக்குழாயும் இதை விரைவுபடுத்தும்.

விரைவான வழி சோடியம் தயோசல்பேட்டு. இது வெள்ளி உப்புகளைக் கரைக்கும் என்பதை ஜான் ஹெர்ஷல் 1819-இல் கண்டறிந்தார். அதனால் இது புகைப்படக் கூடங்களில் ஹைப்போ என்ற பெயரில் புகழ்பெற்றது. வெளுத்த துணியிலும் காகிதத்திலும் தங்கிய குளோரின் இழைகளை அரிக்காமல் நீக்கவும் ஆலைகள் இதைப் பயன்படுத்தின. ஆக, குளோரினும் அதன் முறிமருந்தும் துணி வெளுக்கும் தொழிலோடு தொடர்புடையவை. துணி வெளுப்பும் சாயமேற்றலும் பெருந்தொழிலாக வளர்ந்த கொங்கு மண்டலத்துக்கு இவ்விரண்டும் புதியவை அல்ல.

ஒரு மில்லிகிராம் குளோரினை நீக்கச் சுமார் 7 மில்லிகிராம் தயோசல்பேட்டுப் படிகம் போதும். லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் உள்ள 100 லிட்டர் நீருக்கு ஒரு கிராமில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. ஆனால் பெயரில் ஓர் ஆபத்து உள்ளது. வெளுப்புத் தொழிலில் பயன்படும் சோடியம் ஹைப்போகுளோரைட்டையும் சிலர் சுருக்கமாக ஹைப்போ என்பதுண்டு. அது குளோரின் தரும் திரவம். பெயரை மட்டும் கேட்டு வாங்கித் தொட்டியில் விட்டால் மருந்துக்குப் பதில் நஞ்சே சேரும்.

நல்ல தண்ணீரும் உப்புத்தண்ணீரும்

கோவை வீடுகளில் நல்ல தண்ணீர், உப்புத்தண்ணீர் என்ற பிரிவு நெடுநாளாக உண்டு. மலைக்காட்டிலிருந்து வரும் சிறுவாணி நீர் தாது உப்புகள் குறைந்த மென்னீர். ஆழ்குழாய்க் கிணற்று நீர் கடினநீர். இது மீன் வளர்ப்போருக்கும் பொருந்தும். நியான் டெட்ரா போன்ற மீன்கள் மென்னீரை விரும்பும். மோலி, கப்பி கடினநீரைத் தாங்கும். ஆழ்குழாய் நீரில் குளோரின் இல்லை என்பதற்காக, சிறுவாணி நீரில் பழகிய மீன்களுக்கு அதைத் திடீரெனக் கொட்டினால், உப்பும் கார அமிலத் தன்மையும் மாறி மீன்கள் அதிர்ச்சியடையும். தொட்டி நீரில் நான்கில் ஒரு பங்கை மட்டும் மாற்றுவது இரண்டுக்கும் பாதுகாப்பு.

இன்றைய நிலை

பல ஆண்டுகளாகக் கோவையில் குழாய்நீர் சில நாட்களுக்கு ஒருமுறையே வந்தது. மக்கள் குடத்திலும் டிரம்மிலும் நீரைப் பிடித்து வைத்தனர். இத்தட்டுப்பாடு மீன்களுக்கு அறியாமலே செய்த நன்மை ஒன்று உண்டு: தொட்டிக்கு வந்த நீர் பெரும்பாலும் குளோரின் வெளியேறிய பழைய நீராகவே இருந்தது. மூடிய நிலத்தடித் தொட்டியில் மட்டும் அது அவ்வளவு விரைவாக வெளியேறாது.

மாநகராட்சி 2018-இல் பிரான்சின் சூயஸ் நிறுவனத்துடன் 24 மணி நேரக் குடிநீர்த் திட்டத்துக்கு ஒப்பந்தம் செய்தது. மூன்றாவது பில்லூர்த் திட்டம் 2024-இல் தொடங்கி வைக்கப்பட்டது. குழாயில் எப்போதும் நீர் வரும் வீடுகளில் அதைப் பிடித்து வைக்கும் பழக்கம் குறையும்; குழாயிலிருந்து நேரே தொட்டிக்கு நீர் விடுவதும் எளிதாகும். அப்போது அந்த நீர் புதிய குளோரினோடு வரும். மழைக்காலத்தில் கலங்கல் மிகும்போதும் நோய் பரவும்போதும் குளோரின் அளவைக் கூட்டுவது வழக்கம் என்பதால், ஒரு மாதம் பிழையின்றி நடந்த முறை அடுத்த மாதம் தவறலாம். ஒரு நாள் திறந்து வைத்தலோ, அளவான தயோசல்பேட்டோ இல்லாமல் குழாய்நீரை நேரே தொட்டியில் விடாதிருப்பதே எல்லாப் பருவத்துக்கும் ஏற்ற முறையாகும்.