தூத்துக்குடிக் கரையில் ஆங்கில ஆசிரியர் பயிற்சி

தூத்துக்குடிக் கரையில் ஆங்கில ஆசிரியர் பயிற்சி: வேம்பார், வைப்பார் தொடங்கிப் புன்னைக்காயல், ஆலந்தலை, மணப்பாடு வரை நீளும் முத்துக்குளித்துறையிலும் அதன் பின்னுள்ள தேரிக்காட்டு, கரிசல் ஊர்களிலும் ஆங்கிலம் கற்பித்த ஆசிரியர்கள் தம் தொழிலைக் கற்றுக்கொண்ட வழிகளையும், அவர்கள் வகுப்பில் செய்த செயல்பாடுகளையும் பற்றியது. 1986 அக்டோபர் வரை இப்பகுதி திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்ததால், இந்த வரலாற்றை அம்மாவட்டத்தின் கல்வி மையமான பாளையங்கோட்டையிலிருந்து பிரித்து எழுத முடியாது.

அயல்மொழி கற்பித்தல் இக்கரைக்கு ஆங்கிலத்தோடு வந்ததல்ல. 1542இல் வந்த பிரான்சிஸ் சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. இருமொழியும் அறிந்த உள்ளூர்க்காரர்கள் துணையோடு செபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்துகொண்டு, மணியடித்துச் சிறுவர்களைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். அவர்கள் திருப்பிச் சொன்னார்கள். வீட்டில் பெரியவர்களுக்கும் சொன்னார்கள். அவர் போன பிறகு வேலையைத் தொடர ஊருக்கொரு கணக்கப்பிள்ளை, அதாவது உபதேசியார், இருந்தார். மொழி அரைகுறையாகத் தெரிந்த ஆசிரியர், ஒருமித்த குரலில் திருப்பிச் சொல்லும் பிள்ளைகள், மேலிருந்து கேட்டதைக் கீழே கொண்டுசேர்க்கும் உள்ளூர்க்காரர் என்ற இந்த ஏற்பாட்டைப் பிற்கால ஆங்கில வகுப்புகளிலும் அடிக்கடி பார்க்கலாம்.

சவேரியாருக்குப் பின் வந்த அன்றீக் அடிகளார் வேறு வழியில் போனார். 1600இல் இறக்கும்வரை ஏறத்தாழ அரை நூற்றாண்டு இக்கரையில் இருந்த அவர், மொழிபெயர்ப்பாளரை நம்பியிருப்பதை விட்டுத் தமிழை முறையாகப் படித்தார். உடன் உழைத்த துறவியரும் படிக்கவேண்டும் என்பதற்காக 1549 வாக்கில் போர்த்துகீசிய மொழியில் ஒரு தமிழ் இலக்கணம் எழுதினார். நெடுங்காலம் கையெழுத்துப் படியாகவே கிடந்த அந்நூலை ஜீன் ஹைன், வ. ச. ராஜம் ஆகியோர் ஆங்கிலத்தில் பெயர்த்து 2013இல் வெளியிட்டனர். 1578இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம் என்ற தமிழ் நூலால் அன்றீக்கின் பெயர் நிலைத்துவிட்டது. ஆனால் கற்பிக்கப் போகிறவர் முதலில் தாம் கற்கவேண்டும் என்று கருதி எழுதிய அந்த இலக்கணத்தை, மொழி கற்பிப்போருக்காக இக்கரையில் எழுந்த முதல் கைந்நூல் என்றே கொள்ளவேண்டும்.

1658இல் டச்சுக்காரர் கைக்குப் போன தூத்துக்குடி, 1825இல் நிலையாக ஆங்கிலேயரிடம் வந்தது. அதற்கு முன்பே, 1785இல், பக்கத்து இராமநாதபுரத்தில் மறைப்பணியாளர் சுவார்ட்சு ஆங்கிலப் பள்ளி தொடங்கியிருந்தார். தூத்துக்குடிப் பக்கத்தில் முதலில் குறிப்பிடவேண்டிய இடம் சாயர்புரம். 1842இல் அங்கு வந்த ஜி. யு. போப், உபதேசியார்களையும் ஆசிரியர்களையும் உருவாக்கும் கல்விக்கூடம் ஒன்றை வளர்த்தார். பின்னாளில் திருக்குறளை ஆங்கிலத்தில் தந்த போப்பின் தமிழ்ப் படிப்புக்கு இங்குக் கழித்த ஆண்டுகள் பெரிதும் உதவின. ஆங்கிலேயர் தமிழ் படிப்பதற்காக அவர் எழுதிய கைந்நூலில் பாடங்கள் எளிதிலிருந்து கடினத்துக்குப் படிப்படியாக ஏறும். சாயர்புரத்துக் கல்லூரி 1883இல் தூத்துக்குடிக்கு மாற்றப்பட்டுக் கால்டுவெல் பெயரைப் பெற்றது. கல்லூரி நீடிக்கவில்லை, பள்ளி இன்றும் நடக்கிறது. சேசு சபையினரின் புனித சவேரியார் பள்ளியும் அதே பத்தாண்டில் தொடங்கியது. இவ்விரு பள்ளிகளிலும் படித்த வ. உ. சிதம்பரனார் அந்த ஆங்கிலத்தை நீதிமன்றத்தில் வழக்காடவும், 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி நடத்தவும் பயன்படுத்தினார்.

அரசின் பங்கு 1854ஆம் ஆண்டின் ‘உட்’ கல்வி அறிக்கைக்குப் பிறகே தெளிவாகத் தெரிகிறது. ஆசிரியருக்குப் பயிற்சி வேண்டும் என்று அது சொன்னது. 1856இல் சென்னையில் தொடங்கிய ஆசிரியர் பயிற்சிப் பள்ளி பின்னர்ச் சைதாப்பேட்டைக்குப் போனது. ஆனால் அடுத்த பத்தாண்டில் சென்னை மாகாணம் கொண்டுவந்த, தேர்வு முடிவைப் பார்த்து மானியம் தரும் முறை இந்தப் பயிற்சியின் பலனைப் பெரிதும் தின்றுவிட்டது. ஆய்வாளர் வரும் நாளில் பிள்ளைகள் எத்தனை பேர் பிழையின்றி வாசிக்கிறார்கள், சொல்வதை எழுதுகிறார்கள் என்பதைப் பொறுத்துப் பணம் வந்தது. வாசிப்பு, சொல்வதெழுதல், மனப்பாடம் என்று ஆங்கில வகுப்பு சுருங்கிப்போனதில் வியப்பில்லை. எட்டயபுரத்தில் பிறந்த பாரதியார், பொருள் புரியாமல் நெட்டுருப்போட வைத்த அந்த ஆங்கிலப் படிப்பைத் தம் சுயசரிதைக் கவிதையில் கடுமையாகச் சாடியிருக்கிறார்.

விடுதலைக்குப் பின் சென்னை மாநிலத்தில் வாக்கிய அமைப்பு முறை வந்தது. வாக்கிய வகைகளை எளிமையிலிருந்து வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றையும் பொருளைக் காட்டி, செயலைச் செய்து, வாய்மொழியாகப் பலமுறை சொல்லவைப்பது அதன் வழி. ஆசிரியர் புத்தகத்தை மேசைமேல் வைப்பார், வைத்ததைச் சொல்வார். பிள்ளைகள் செய்வார்கள், சொல்வார்கள். கரும்பலகையில் மாற்று அட்டவணை எழுதி, கட்டத்துக்கொரு சொல்லை எடுத்து வாக்கியம் கட்டச் சொல்வார்.

இதைத் தொடக்கநிலை ஆசிரியர் அனைவருக்கும் கொண்டுசேர்க்க 1950களின் இறுதியில் பிரிட்டிஷ் கவுன்சில் துணையோடு எடுத்த முயற்சியே ‘மதராஸ் ஸ்னோபால்’ (மதராஸ் பனிப்பந்து). 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி தருவது இலக்கு. ஒரு சிறு குழுவுக்கு வல்லுநர்கள் பயிற்சி தருவார்கள். அக்குழு அடுத்த குழுவுக்கு. அவர்கள் தம் வட்டாரத்து ஆசிரியர்களுக்கு. ஆங்கிலம் கற்பித்தல் உலகில் இன்றும் எடுத்துக்காட்டாகப் பேசப்படும் பெருமுயற்சி அது. இதைத் தோல்வி என்று தள்ளுவது நியாயமல்ல. சிற்றூரில் ஒற்றை ஆசிரியராக இருந்தவருக்கும் இது ஒரு முறையையும், வகுப்பில் வாய் திறந்து ஆங்கிலம் பேசும் துணிவையும் தர முயன்றது. அதன் குறை அமைப்பிலேயே இருந்தது. மூன்றாம் படிக்கு வரும்போது செய்யும் விதம் வந்துசேரும். ஏன் அப்படிச் செய்யவேண்டும் என்ற காரணம் மேல்படியிலேயே தங்கிவிடும். காரணம் தெரியாத ஆசிரியரால் தம் பிள்ளைகளுக்கேற்ப எதையும் மாற்ற முடியாது.

வாக்கிய அமைப்பு முறையை உள்ளிருந்தே கேள்வி கேட்டவர் என். எஸ். பிரபு. ஐதராபாத்தில் 1958இல் மத்திய ஆங்கில நிறுவனமும், பெங்களூரில் 1963இல் தென்னிந்திய வட்டார ஆங்கில நிறுவனமும் தோன்றியிருந்தன. பெங்களூர் நிறுவனத்தோடு சேர்ந்து, சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் இருந்த பிரபு 1979 முதல் 1984 வரை ஒரு சோதனை நடத்தினார். சாதாரணப் பள்ளிகள், நெரிசலான வகுப்புகள். இலக்கணப் பயிற்சிக்குப் பதிலாகப் பிள்ளைகளுக்கு ஒரு கணக்கைப் போல விடை காணவேண்டிய வேலை கொடுக்கப்பட்டது: வரைபடத்தில் வழி கண்டுபிடி, கால அட்டவணையைப் பார்த்து எந்த வண்டியில் போகலாம் என்று முடிவுசெய். கவனம் பொருளில் இருக்கும்போது மொழியின் வடிவம் தானே படியும் என்பது அவர் கருத்து. முதலில் ஆசிரியர் அதேபோன்ற ஒரு வேலையை வகுப்போடு பேசிப் பேசிச் செய்வார். பிறகு பிள்ளைகள் தனித்தனியே செய்வார்கள். எளிய ஏற்பாடு, விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். முத்துநகர் எக்ஸ்பிரஸின் நேரப் பட்டியலை வைத்துத் தூத்துக்குடி ஆசிரியர் நாளைக்கே இதைச் செய்யலாம்: மணியாச்சியில் ஏறுகிறவர் எத்தனை மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்பவேண்டும், கோவில்பட்டிக்கு எவ்வளவு நேரம், மதுரையில் இறங்கும்போது இரவு என்ன நேரம்? இந்தச் சோதனை பற்றிய பிரபுவின் நூல் 1987இல் வந்தது. 1990இல் எழுதிய கட்டுரையில் அவர் இன்னும் ஒரு படி போனார்: எல்லோருக்கும் சிறந்த ஒரே முறை என்று ஒன்று இல்லை, கற்றல் எப்படி நிகழ்கிறது என்பதைப் பற்றி ஆசிரியருக்குள் உயிரோடிருக்கும் புரிதலே வகுப்பை நடத்துகிறது. இங்கே கூறப்படும் பயிற்சிகள் அனைத்தையும் அளக்க இதைவிடச் சரியான அளவுகோல் கிடைக்காது.

ஆசிரியர்கள் தாங்களாகவே கூடும் வழியும் இருந்தது. 1974இல் சென்னையை மையமாகக் கொண்டு தொடங்கிய இந்திய ஆங்கில மொழி ஆசிரியர் சங்கம் ஆண்டு மாநாடுகளையும் இதழையும் நடத்திவருகிறது.

இதற்கிடையில் கரையின் பிழைப்பே மாறியது. முத்துக்குளிப்பு கடைசியாக 1961இல் நடந்தது. 1974 ஜூலையில் தூத்துக்குடி பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. சரக்குக் கப்பல், ஏற்றுமதி ஏஜென்சி, சுங்கத் தாள்கள் என்று ஆங்கிலம் தேவைப்படும் வேலைகள் வாசலுக்கு வந்தன. கப்பலில் ஆங்கிலப் பிழை உயிரைக் குடிக்கும் என்பதால், பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு 2001இல் மாலுமிகளுக்கான நிலையான தொடர்களை ஏற்றது. கட்டளையைக் கேட்டதும் அப்படியே திருப்பிச் சொல்லி உறுதிசெய்வது கப்பலில் கட்டாயம். பள்ளியில் பயனற்றுப்போன ஒப்புவிப்பு இங்கே உண்மையான வேலை செய்கிறது.

பள்ளிகளில் அடுத்த பெரிய மாற்றம் செயல்வழிக் கற்றல். ரிஷிவேலிப் பள்ளியின் கிராமக் கல்வி முயற்சியைப் பின்பற்றி 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007 - 08இல் மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கு அது வந்தது. கற்றல் படிகளைக் காட்டும் ஏணிப்படி, அட்டைகள், தரையில் வட்டமாக உட்காரும் குழுக்கள், அவர்களோடு ஆசிரியரும் தரையில். பிள்ளை தன் வேகத்தில் ஏறலாம் என்பது பெரிய விடுதலை. ஆனால் ஆங்கிலத்துக்கு அட்டை மட்டும் போதாது. பேச எதிரில் ஆள் வேண்டும். ஆங்கிலம் கேட்காத வீடுகளிலிருந்து வரும் பிள்ளைக்கு அந்த ஆள் ஆசிரியர்தான். அவரோ ஒரே நேரத்தில் பல குழுக்களுக்கு நடுவே இருந்தார்.

கொரோனா விடுமுறைக்குப் பின் 2022 ஜூனில் ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்கு எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. 2023 - 24இல் நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் விரிந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலை பார்த்துப் பிள்ளைகளைப் பிரித்து, பாடல், கதை, பொம்மலாட்டம், விளையாட்டு வழியே தமிழ், ஆங்கிலம், கணக்கு கற்பிக்கப்படுகின்றன. இதற்கான பயிற்சிகள் பருவந்தோறும் நடக்கின்றன. மாநிலக் கருத்தாளர், மாவட்டக் கருத்தாளர், வட்டார வள மையம் என்று இறங்கிவரும் வரிசை, ஸ்னோபாலின் அதே வரிசை. இம்மாவட்டத்தில் கோவில்பட்டிக்கு அருகே வானரமுட்டியில் உள்ள மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் இதில் முக்கியமான கண்ணி. குறுவள மையக் கூட்டம் இவ்வரிசையின் கடைசிப் படி. சுற்றுவட்டப் பள்ளி ஆசிரியர்கள் நேருக்கு நேர் உட்காரும் இடம் அது. கையேட்டில் உள்ள செயல்பாடு தம் வகுப்பில் ஏன் எடுபடவில்லை, எதை மாற்றியபோது பிள்ளைகள் பேசினார்கள் என்று அவர்கள் ஒருவருக்கொருவர் சொல்ல நேரம் கிடைப்பது, அன்றைக்கு நிரப்பவேண்டிய படிவங்களின் எண்ணிக்கையைப் பொறுத்திருக்கிறது.