ஐந்தாம் பிரிவு பிறந்த கதை

வேலை கேட்டுப் போகும் பெண்ணிடம் கேட்பார்கள்: கல்யாணம் ஆகிவிட்டதா? கைக்குழந்தை இருக்கிறதா? எந்த ஊர்? ஊரில் எந்தப் பக்கம்? கடைசிக் கேள்வி சாதியைத் தெரிந்துகொள்ளத்தான் என்று ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி தோல் தொழில் வட்டாரத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. பதில் மட்டும் எழுத்தில் வராது. "சொல்லி அனுப்புறோம்" என்பதோடு முடிந்துவிடும்.

அப்படித் திருப்பி அனுப்பப்பட்டவளுக்குச் சட்டம் என்ன வைத்திருக்கிறது? அரசு வேலை என்றால் 1950 முதலே அரசியலமைப்பின் 16ஆம் உறுப்பு இருக்கிறது. தனியார் கம்பெனிக்கு அது பொருந்தாது. சுதந்திர இந்தியாவில் முதல் கால் நூற்றாண்டு முழுவதும், தனியார் முதலாளி ஒரு பெண்ணைப் பெண் என்பதற்காகவே வேண்டாம் என்று சொன்னால் அதைக் குற்றம் என்று சொல்லும் மத்தியச் சட்டம் இருக்கவில்லை. வேலையில் சேர்ந்த பிறகு கூலி, போனஸ், பணிநீக்கம் என எல்லாவற்றுக்கும் சட்டம் உண்டு. கேட்டுக்கு வெளியே நிற்பவள் சட்டத்தின் கண்ணில் படவில்லை.

அவளை முதலில் பார்த்தது 1975இல் வந்த ஒரு அவசரச் சட்டம்.

பின்னணி தெரிந்தால்தான் அதன் அருமை புரியும். பெண்களின் நிலையை ஆராய 1971இல் மத்திய அரசு ஒரு குழு அமைத்தது. பூல்ரேணு குஹா தலைவர். வீணா மஜும்தார் உறுப்பினர்-செயலர். 1974இன் முடிவில் தயாரான அதன் அறிக்கை, நாடு வளர்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தவர்களை உலுக்கியது. சுரங்கத்திலும் ஆலைகளிலும் பெண் தொழிலாளர் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்திருந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் சம கூலி வேண்டும் என்ற சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் உடன்படிக்கையை இந்தியா 1958லேயே ஏற்றுக் கையெழுத்திட்டிருந்தது. அரசியலமைப்பின் 39ஆம் உறுப்பும் அதைத்தான் சொல்கிறது. ஆனாலும் பதினேழு ஆண்டுகள் சட்டம் வரவில்லை. 1975 சர்வதேச மகளிர் ஆண்டாக அறிவிக்கப்பட்டது. அந்த ஆண்டு செப்டம்பர் 26ஆம் தேதி, நெருக்கடி நிலைக்கு நடுவில், சம ஊதிய அவசரச் சட்டம் வந்தது. 1976 பிப்ரவரியில் முழுச் சட்டமானது. முதலில் மலைத்தோட்டங்களில் நடைமுறைக்கு வந்து, பிறகு படிப்படியாக மற்றத் தொழில்களுக்கும் பரவியது.

நான்காம் பிரிவு ஒரே வேலைக்கு ஒரே கூலி என்றது. அதோடு நின்றிருந்தால் சட்டம் பெண்ணுக்கே எதிராகத் திரும்பியிருக்கும். 'ஆண் கூலியே கொடுக்க வேண்டுமென்றால் ஆணையே வைத்துக்கொள்கிறேன்' என்று முதலாளி கதவைச் சாத்தியிருப்பார். அந்தக் கதவில் கால் வைத்துத் தடுக்கத்தான் ஐந்தாம் பிரிவு. ஆள் எடுக்கும்போதே பெண்களுக்கு எதிராகப் பாகுபாடு காட்டக் கூடாது என்றது.

இதே ஆண்டுகளில் எங்கள் தோல் வட்டாரமும் மாறிக்கொண்டிருந்தது. அதுவரை இங்கிருந்து பெரும்பாலும் அரைகுறையாகப் பதனிட்ட தோல்தான் கப்பலேறியது. தோல் ஏற்றுமதி பற்றிய சீதாராமையா குழு பரிந்துரைத்தபடி 1973இல் அந்த ஏற்றுமதிக்கு அரசு கட்டுப்பாடு போட்டது. முழுதாகப் பதனிட்ட தோலுக்கும் செருப்பு, ஷூவுக்கும் ஊக்கம் தந்தது. ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் ஷூ கம்பெனிகள் பெருகியது அதன் தொடர்ச்சிதான். சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கும் ஈர வேலை ஆண்களிடம், அதிலும் பெரும்பாலும் தலித் ஆண்களிடம், இருந்தது. ஷூவின் மேல்பாகத்தைத் தைக்கும் மெஷின் வரிசைகளில் பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். இன்று இந்த வட்டாரத்து ஷூ கம்பெனிகளில் பெண்கள்தான் பெரும்பான்மை. யாருக்கு எந்த வேலை என்று பிரித்துவைக்கும் பழக்கம் ஆழமாக வேரோடிய ஊரில் ஐந்தாம் பிரிவு எவ்வளவு அவசியம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

சாதியால் தடுக்கப்பட்டவர்களுக்கும், சம ஊதியச் சட்டம் வந்த அதே ஆண்டில் ஒரு கதவு திறந்தது. 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம் 1976இல் திருத்தப்பட்டு, குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியது. தீண்டாமையின் பேரில் தொழில் செய்யவிடாமல் தடுப்பது ஏற்கெனவே குற்றம். இப்போது வேலைக்கு அமர்வதைத் தடுப்பதும் குற்றமானது. இதில் ஒரு பலம் உண்டு. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் என்றால், நடந்தது தீண்டாமையின் பேரில்தான் என்று நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ளும். இல்லை என்று காட்டுவது எதிராளியின் பொறுப்பு. சம ஊதியச் சட்டத்தில் இந்த வசதி வைக்கப்படவில்லை. அது பெரிய குறை என்றே நினைக்கிறேன். ஏன் எடுக்கவில்லை என்பது எடுக்காதவருக்கு மட்டுமே தெரிந்த சங்கதி. அதை வெளியே நின்றவள் எப்படி நிரூபிப்பாள்?

சம ஊதியச் சட்டத்தில் இன்னொரு குறையும் இருந்தது. அரசோ அரசு அதிகாரம் தந்த அலுவலரோ புகார் செய்தால்தான் நீதிமன்றம் வழக்கை எடுக்கும். 1987இல் அது திருத்தப்பட்டது. பாதிக்கப்பட்டவரே நேராகப் போகலாம் என்றானது. அங்கீகாரம் பெற்ற தொண்டு அமைப்பும் போக முடிந்தது. தண்டனை 10,000 முதல் 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது மூன்று மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும் என்று ஆனது. ஐந்தாம் பிரிவு உண்மையில் பிறந்தது அந்த ஆண்டில்தான் என்பேன்.

கல்யாணத்தைக் காரணம் காட்டுவது இதற்கெல்லாம் முந்தையது. பம்பாய் மருந்துக் கம்பெனி ஒன்றில், மணமானால் பெண் வேலையை விட்டுவிட வேண்டும் என்று விதி இருந்தது. மணமானவர்கள் அடிக்கடி லீவு போடுவார்கள் என்றது நிர்வாகம். தொழிற்சங்கம் வழக்கை உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோனது. மகப்பேறு விடுப்பைத் தவிர வேறு வித்தியாசம் இல்லை, அதற்கு மாற்று ஆள் ஏற்பாடு செய்துகொள்ளலாம் என்று சொல்லி 1965இல் அந்த விதியை நீதிமன்றம் தள்ளியது. ஆனால் அந்தப் பெண்கள் உள்ளே இருந்தவர்கள்.

வெளியே இருந்தவர்களின் கதை 2024 ஜூனில் வந்தது. வேலூரிலிருந்து சென்னை போகும் நெடுஞ்சாலையில் இருக்கும் ஸ்ரீபெரும்புதூரில், ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் ஆலை மணமான பெண்களை வேலைக்கு எடுக்காமல் தவிர்க்கிறது என்று ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. குடும்பப் பொறுப்பு, கர்ப்பம், தாலியும் மெட்டியும் உற்பத்திக்கு இடைஞ்சல் என்று காரணங்கள் சொல்லப்பட்டதாக அதில் இருந்தது. நிறுவனம் அடியோடு மறுத்தது. மத்திய தொழிலாளர் அமைச்சகம் ஐந்தாம் பிரிவைச் சுட்டித் தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது. தேசிய மனித உரிமை ஆணையமும் நோட்டீஸ் அனுப்பியது.

ஆயிரக்கணக்கான பெண்கள் வேலை செய்யும் ஆலையில் பெண்களுக்கு எதிரான பாகுபாடு எங்கே என்று கேட்பவர்கள் உண்டு. மணமான ஆணிடம் அந்தக் கேள்வி கேட்கப்படுகிறதா என்று பாருங்கள். கேட்கப்படாவிட்டால் அது பெண்ணுக்கு மட்டும் போடப்பட்ட தடைதான்.

2025 நவம்பர் 21 அன்று ஊதியச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்தது. சம ஊதியச் சட்டம் அதற்குள் கரைந்தது. ஆள் எடுப்பதில் பால் பாகுபாடு கூடாது என்ற வரி மூன்றாம் பிரிவில் இருக்கிறது. ஆனால் முதல் தடவைக்குச் சிறை இல்லை, 20,000 ரூபாய் வரை அபராதம் மட்டும். அதைவிட எனக்கு உறுத்துவது வேறு. நீதிமன்றத்துக்குப் புகார் கொண்டுபோகக்கூடியவர்கள் அரசு, அதிகாரம் பெற்ற அலுவலர், ஆய்வாளர், பதிவு பெற்ற தொழிற்சங்கம், பணியாளர். வேலை மறுக்கப்பட்டவள் பணியாளரே அல்ல. 1987இல் அவளுக்குக் கிடைத்த நேரடி வழி இதில் இல்லை.

எனவே இன்று பாகுபாட்டால் வேலை மறுக்கப்பட்டதோ என்று சந்தேகப்படுபவர், முதலில் விளம்பரத்தையும் ஏஜென்ட் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியையும் அழிக்காமல் வைத்துக்கொள்ள வேண்டும். யார், எந்த நாள், என்ன கேட்டார்கள் என்று அன்றே எழுதி வைக்க வேண்டும். கூட வந்தவர் பெயரையும் சேர்த்து. பிறகு தொழிலாளர் துறை அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து ரசீது வாங்கலாம். தொழிற்சங்கத்தை முன்னால் நிறுத்தலாம். சாதி காரணம் என்றால் காவல் நிலையம்தான்: 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் வேலைவாய்ப்பில் தடை போடுவதைக் குற்றமாக்கியிருக்கிறது. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பாராமல் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞர் தரும். தொலைபேசி எண் 15100.

தொழிலாளர் நலன் மத்திய, மாநில அரசுகளுக்குப் பொதுவான பட்டியலில் இருக்கிறது. குடியரசுத் தலைவர் ஒப்புதலோடு தமிழ்நாடு ஊதியச் சட்டத் தொகுப்பைத் திருத்த முடியும். புகார் செய்யக்கூடியவர்கள் வரிசையில் வேலை கேட்டு மறுக்கப்பட்டவரையும் சேர்க்கும் திருத்தத்தை நம் சட்டமன்றம் கொண்டுவர வேண்டும். அதைக் கேட்க வேண்டியவர்கள் ஷூ கம்பெனிகளின் தொழிற்சங்கங்களும், இந்த வட்டாரத்துச் சட்டமன்ற உறுப்பினர்களும்.