பட்டாளத் துப்பாக்கி சொல்லும் வரலாறு



நம் தோட்டத்து வீடுகளில் பாட்டி காலத்துப் பித்தளைக் குடம் ஒன்றேனும் இருக்கும். அதன் கழுத்துப் பக்கம் பாட்டியின் பெயரோ ஊர்ப் பெயரோ வெட்டியிருக்கும். புளி போட்டு ஓயாமல் தேய்த்தால் குடம் பளபளக்கும்; எழுத்து மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக மறைந்து போகும். எழுத்துப் போன குடம் வெறும் பித்தளைதான். எழுத்துள்ள குடமோ ஒரு குடும்பத்தின் வரலாறு. இதை மனத்தில் வைத்துக்கொண்டு, பழைய பட்டாளத் துப்பாக்கிகளைப் பற்றி இன்று சிறிது பேசுவோம்.

துப்பாக்கிக்கும் தேயிலைத் தோட்டத்துக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். தொடர்பு உண்டு. கேமரன் மலையில் 1929-ஆம் ஆண்டு போ தேயிலைத் தோட்டம் தொடங்கியது. பன்னிரண்டே ஆண்டுகளில் ஜப்பானியர் வந்தனர். அவர்கள் போன மூன்றாம் ஆண்டில் அவசரகாலம் வந்தது. இந்த இரண்டு காலத்திலும் மலாயாத் தோட்டத் தொழிலாளரின் வாழ்வைச் சுற்றி நின்றது துப்பாக்கி.

உலகப் போர்கள் இரண்டும் முடிந்தபோது, பட்டாளங்களிடம் இலட்சக்கணக்கான துப்பாக்கிகள் தேவைக்கு மேல் மிஞ்சின. அரசாங்கங்கள் அவற்றைக் கழித்து மலிவாக விற்றன. அமெரிக்காவில் தபால் மூலமே வாங்கலாம். 1968-ஆம் ஆண்டுச் சட்டம்தான் அதற்குத் தடை போட்டது. வாங்கியவர்களில் பலர் மான் வேட்டைக்கு எளிதாக இருக்கட்டும் என்று மரக்கட்டையை அறுத்தார்கள், குழலைக் குட்டையாக்கினார்கள், மெருகு பூசினார்கள். அதனால் பட்டாளத்தை விட்டு வந்த நிலையிலேயே இருக்கும் துப்பாக்கி அரிதாயிற்று. இன்று பொருள் திரட்டுவோர் தேடுவது அதைத்தான். கீறல் இருக்கலாம், எண்ணெய்க் கறை இருக்கலாம். கை வைத்துப் புதுப்பித்திருக்கக் கூடாது. ஏன் இந்தப் பிடிவாதம்? அவர்களுக்குத் துப்பாக்கி ஓர் ஏடு. தேய்த்துவிட்டால் ஏடு அழிந்துவிடும்.

அந்த ஏட்டை எப்படிப் படிப்பது? பிரிட்டிஷாரின் லீ என்பீல்டு ரைபிளை எடுத்துக்கொள்வோம். ஜேம்ஸ் பாரிஸ் லீ என்பவர் அமைத்த தாழும், லண்டனுக்கு அருகிலுள்ள என்பீல்டு தொழிற்சாலையும் சேர்ந்து கொடுத்த பெயர் அது. கதவுத் தாழ்ப்பாள் போன்ற ஓர் இரும்புத் தாழைத் தூக்கிப் பின்னுக்கு இழுத்தால் சுட்ட தோட்டாவின் கூடு வெளியே விழும். முன்னுக்குத் தள்ளினால் அடுத்த தோட்டா குழலுக்குள் போகும். பெட்டியில் பத்துத் தோட்டாக்கள் கொள்ளும். ஒவ்வொரு தாழையும் அதற்குரிய துப்பாக்கியோடு பொருத்திப் பார்த்து, இரண்டிலும் ஒரே எண்ணை அடிப்பார்கள். எண்கள் ஒத்திருந்தால் அவை பிறந்த நாள் முதல் பிரியாதவை என்று கொள்ளலாம். எண் மாறியிருந்தால், எங்கோ ஒரு பட்டறையில் வேறு தாழ் போட்டிருக்கிறார்கள் என்று பொருள்.

எண்ணோடு முத்திரையும் உண்டு. அகன்ற அம்புக்குறி பிரிட்டிஷ் அரசின் உடைமை என்பதற்கு அடையாளம். இரண்டு அம்புகள் முனையோடு முனை சந்தித்தால் அரசு விற்றுவிட்டது என்று அர்த்தம். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் சாவேஜ் தொழிற்சாலை பிரிட்டனுக்காகச் செய்த ரைபிளில், அமெரிக்காவின் சொத்து என்று பொறித்திருக்கும். இரவல் கொடுத்த கணக்கு இரும்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

இந்தியாவிலும் கல்கத்தாவுக்கு அருகே இஷாப்பூரில் ரைபிள் தொழிற்சாலை உண்டு. அங்கே செய்த லீ என்பீல்டு ரைபிள்கள் இந்தியப் படைவீரர் கைகளுக்குப் போயின. 1941 டிசம்பர் 8-ஆம் நாள் ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினர். 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. பிரிட்டிஷ் படையின் ஆயுதங்கள் ஜப்பானியர் வசமாயின. அவற்றில் ஒரு பகுதி இந்திய தேசிய இராணுவத்துக்குக் கிடைத்தது. 1943-இல் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூரில் ஜான்சி ராணி படையை அமைத்தபோது, மலாயாத் தோட்டங்களிலிருந்தும் தமிழ்ப் பெண்கள் அதில் சேர்ந்தனர். பால்மரம் சீவிய கைகள் ரைபிள் பயிற்சி பெற்றன. வெள்ளையன் அம்புக்குறி பதித்த துப்பாக்கியையே ஏந்தி வெள்ளையனை எதிர்க்கப் புறப்பட்டார்கள் என்றால், அந்தச் சிறு குறிக்குள் எவ்வளவு வரலாறு அடங்கியிருக்கிறது, பாருங்கள்!

ஜப்பானியரின் அரிசாகா ரைபிளுக்கும் ஒரு குறி உண்டு. 1939-இல் வந்த வகைக்குத் தொண்ணூற்றொன்பது என்று பெயர். அது ஜப்பானியப் பேரரசு ஆண்டு 2599-இன் கடைசி இரண்டு இலக்கம். அதன் இரும்பு உடலில் பதினாறு இதழ் கொண்ட செவ்வந்திப் பூ பொறித்திருக்கும். அது பேரரசரின் சின்னம். 1945-இல் சரணடைந்தபின், ஒப்படைக்கப்பட்ட பல ரைபிள்களில் அந்தப் பூவை அராவி எடுத்துவிட்டார்கள். பூ அப்படியே இருந்தால், அது போர்க்களத்திலேயே பிடிபட்டதாக இருக்கலாம். பூ இருந்த இடத்தில் அரம் போட்ட தழும்பு இருந்தால், அது பெரும்பாலும் தோல்வியை ஒப்புக்கொண்டு கைமாறியது. நன்றாக இருக்கட்டும் என்று அந்தத் தழும்பை ஒருவர் மெருகிட்டு மறைத்தால், ஒரு பேரரசு வீழ்ந்த செய்தியையே மறைத்தவர் ஆவார்.

இனி அவசரகாலத்துக்கு வருவோம். போர்க்காலத்தில் ஜப்பானியரை எதிர்த்துக் காட்டில் இருந்தவர்களுக்குப் பிரிட்டிஷார் விமானத்திலிருந்து ஆயுதம் போட்டார்கள். போர் முடிந்தபின் அவற்றில் ஒரு பகுதி திரும்பவில்லை, காட்டில் புதைக்கப்பட்டது. 1948 ஜூன் 16-ஆம் நாள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஐரோப்பியத் தோட்டத்துரைமார் மூவர் கொல்லப்பட்டனர். அவசரகாலம் அறிவிக்கப்பட்டது; அது 1960 ஜூலை 31 வரை நீடித்தது. தோட்டங்களைக் காக்கச் சிறப்புக் காவலர்கள் வந்தனர். அவர்கள் தோளில் தொங்கியதும் லீ என்பீல்டுதான். காட்டுப் போருக்கென்று 1944-இல் வந்த ஐந்தாம் எண் ரைபிள் சுமார் ஐந்து அங்குலம் குட்டை, எடை மூன்று கிலோவுக்குச் சற்று அதிகம். ஆனால் தோளில் பலமாக உதைக்கும். குறி ஓரிடத்தில் நிற்காது என்ற குறையும் சொன்னார்கள். 1947-லேயே அதைச் செய்வதை நிறுத்திவிட்டார்கள். இருந்தும் அவசரகாலத்தில் மலாயாக் காடுகளில் அது பயன்பட்டது.

அன்றைய தொழிலாளியின் நிலையை எண்ணிப் பாருங்கள். காட்டிலிருந்து வருபவன் கையில் ஒரு துப்பாக்கி. காவலுக்கு நிற்பவன் கையில் ஒரு துப்பாக்கி. இரண்டும் ஒரே தொழிற்சாலையில் பிறந்ததாகவும் இருக்கலாம். நடுவில் வெறுங்கையோடு நின்றவர் நம் தாத்தா. அனுமதியின்றி ஆயுதம் வைத்திருந்தால் அன்று மரண தண்டனை. லயத்துக்குப் பின்னால் துருப்பிடித்த துப்பாக்கி ஒன்று கிடந்தால், அது ஒரு குடும்பத்தையே அழிக்கப் போதுமானது. பெரியவர்கள் சிலர் இன்றும் அந்தக் காலத்தைப் பற்றி வாய் திறக்கத் தயங்குவதற்கு இந்த அச்சமும் ஒரு காரணம்.

இன்றும் நம் நாட்டில் இது விளையாட்டுப் பொருள் அன்று. 1971-ஆம் ஆண்டின் சுடும் ஆயுதச் சட்டப்படி, சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருப்பவருக்குப் பதினான்கு ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் உண்டு. பழையது, துருப்பிடித்தது என்ற சாக்கு செல்லாது. தேயிலைக்குக் குழி வெட்டும்போதோ ஆற்றோரத்திலோ துப்பாக்கி, தோட்டா, குண்டு எது தென்பட்டாலும் தொடாதீர்கள், பிள்ளைகளைத் தொடவிடாதீர்கள், உடனே போலீசுக்குச் சொல்லுங்கள். இத்தகைய ஆயுதங்களைப் பார்க்க விரும்பினால், கோலாலம்பூரில் போலீஸ் அருங்காட்சியகமும் போர்ட் டிக்சனில் தரைப்படை அருங்காட்சியகமும் இருக்கின்றன. போகும்போது பெயர்ப்பலகையை மட்டும் படித்துவிட்டு நகராமல், எண்ணையும் முத்திரையையும் தேடிப் பாருங்கள்.

துப்பாக்கி திரட்டுவது நம் வேலையன்று. ஆனால் திரட்டுவோரின் அந்த ஒழுக்கம் நமக்கு வேண்டும். 1948-இல் தொடங்கிய அடையாள அட்டை, சம்பளத் துண்டு, கப்பலேறி வந்தபோது கொண்டுவந்த தகரப் பெட்டி, ஜப்பானியர் காலத்து வாழைமர நோட்டு: இவை பரணில் கிடந்தால் வெளியே எடுங்கள். கிழிசலை ஒட்டுகிறேன் என்று பசை தடவ வேண்டாம். மங்கிய எழுத்தின்மேல் பேனா ஓட்ட வேண்டாம். பெட்டிக்குப் புது வண்ணம் பூச வேண்டாம். ஈரம் படாமல், உள்ளது உள்ளபடி வையுங்கள். யாருடையது, எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்று பெரியவர்களைக் கேட்டுத் தனித்தாளில் எழுதி உடன் வையுங்கள்.

பட்டாளங்கள் தம் இரும்புக்கு எண் போட்டு வைத்தன. அதனால் ஒரு துப்பாக்கி எங்கே பிறந்தது, யாரிடம் போனது என்று இன்றும் சொல்ல முடிகிறது. கொழுந்து பறித்த நம் பாட்டிமாருக்கு அத்தகைய பதிவு குறைவு. இருப்பதையாவது தேய்த்து அழிக்காமல் காப்போம்.