கருத்துக்கணிப்பும் எஹலியகொடப் புள்ளடியும்

ரொறொன்ரோவில் வசிக்கும் வாசக நண்பர் ஒருவர் மின்னஞ்சலில் ஒரு கேள்வியை அனுப்பியிருந்தார். "பொதுத்தேர்தல் முடிவுகள் கருத்துக்கணிப்புகளுக்கு மாறாக அமைவது ஏன்? கணக்குப் பிழையா, அல்லது கேட்பவர்களிடம் சனங்கள் பொய் சொல்கிறார்களா?" பத்திரிகைத் தொழிலில் முப்பது வருடங்களுக்கு மேல் கழித்த ஒருவனிடம் இதற்கு ஒற்றை வரியில் பதில் இருக்கும் என்று அவர் நம்பியிருக்கக்கூடும். ஒற்றை வரிப் பதிலும் உண்டு: கணக்கு பெரும்பாலும் பிழைப்பதில்லை, யாரிடம் கேட்பது என்பதில்தான் பிழை நேர்கிறது. ஆனால் அந்த ஒற்றை வரியை விளங்கப்படுத்தச் சற்றுத் தூரம் போகவேண்டும். சப்ரகமுவவின் இறப்பர்த் தோட்டங்கள் வரைக்கும் போகவேண்டும்.

இத்துறையின் பாலபாடம் அமெரிக்காவில் 1936இல் எழுதப்பட்டது. 'லிட்டரரி டைஜஸ்ட்' என்ற சஞ்சிகை ஒரு கோடி வாக்குச்சீட்டுகளைத் தபாலில் அனுப்பி, இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட பதில்களைப் பெற்று, ரூஸ்வெல்ட் தோற்பார் என்று எழுதியது. 48 மாநிலங்களில் 46 ரூஸ்வெல்ட்டுக்குக் கிடைத்தன. சஞ்சிகை முகவரிகளைப் பொறுக்கியது தொலைபேசி விவரக்கொத்துகளிலிருந்தும் மோட்டார் கார் உரிமையாளர் பட்டியல்களிலிருந்தும். பொருளாதார மந்தத்தின் நடுவே தொலைபேசியும் காரும் வைத்திருந்தவர்கள் யார் என்பதை வாசகர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. கோடிக்கணக்கில் கேட்டாலும், ஒரு வகுப்பாரிடம் மட்டும் கேட்டால் ஒரு வகுப்பாரின் பதில்தான் கிடைக்கும்.

நம் நாட்டுக்கு வருவோம். 1970 மே 27 தேர்தலில் டட்லி சேனாநாயக்க மீண்டும் ஆட்சியமைப்பார் என்பதே கொழும்புப் பத்திரிகை உலகின் பொதுவான நம்பிக்கை. அன்றைக்கு விஞ்ஞான முறையிலான கணிப்பு என்று இங்கே எதுவும் இருக்கவில்லை; லேக் ஹவுஸின் ஆசிரிய பீடங்களே கருத்துக்கணிப்பு நிலையங்களாகத் தொழிற்பட்டன. முடிவோ, 151 ஆசனங்களில் 116 ஐக்கிய முன்னணிக்கு. ஐக்கிய தேசியக் கட்சிக்கு வெறும் 17. வேடிக்கை என்னவென்றால், தனிக்கட்சி என்ற வகையில் ஐ.தே.க. பெற்ற வாக்குகள் ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சி பெற்றவற்றைவிட அதிகம்: ஒன்றுக்கு ஏறத்தாழ 38 சதவீதம், மற்றதற்கு 37. சுதந்திரக் கட்சி, சமசமாஜக் கட்சி, கம்யூனிஸ்ட் கட்சி மூன்றும் ஒன்றையொன்று எதிர்த்துப் போட்டியிடாமல் தொகுதிகளைப் பங்கிட்டுக்கொண்டதன் பலன் அது. துல்லியமான கருத்துக்கணிப்பு ஒன்றை அப்போது எடுத்திருந்தாலும், "மிக அதிக ஆதரவுள்ள கட்சி ஐ.தே.க." என்று சரியாகச் சொல்லிவிட்டு, தேர்தலில் முற்றாகப் பிழைத்திருக்கும்.

மூன்று வாரம் கழித்து, ஜூன் 18இல், கருத்துக்கணிப்புக் கலை நன்கு வளர்ந்திருந்த பிரித்தானியாவிலும் ஏறக்குறைய எல்லாக் கணிப்புகளும் வில்சன் வெல்வார் என்று சொல்ல, ஹீத் வென்றார். ஆகவே நம் ஆசிரிய பீடங்கள் மட்டும் வெட்கப்படத் தேவையில்லை.

1977இல் ஊசல் மறுபக்கம் ஆடியது. ஐ.தே.க. ஏறத்தாழ 51 சதவீத வாக்குகளுக்கு 168இல் 140 ஆசனங்களைப் பெற்றது. சுதந்திரக் கட்சி ஏறத்தாழ 30 சதவீதத்துக்கு எட்டே ஆசனங்களைப் பெற, 18 ஆசனங்களுடன் தமிழர் விடுதலைக் கூட்டணி எதிர்க்கட்சியானது. ஜே.ஆர். ஜெயவர்தன வெல்வார் என்று பலரும் எதிர்பார்த்தார்கள். இவ்வளவு வெல்வார் என்று எதிர்பார்த்தவர்கள் இருந்தார்களா என்பது ஐயத்துக்குரியதே. கொல்வின் ஆர். டி சில்வாவும் என்.எம். பெரேராவும்கூட அந்த அலையில் அடித்துச் செல்லப்பட்டார்கள்.

என்.எம். தோற்ற தொகுதி யட்டியந்தோட்டை. கேகாலை மாவட்டத்தில், களனிப் பள்ளத்தாக்கின் இறப்பரும் தேயிலையும் சூழ்ந்த தொகுதி. இங்கே சற்று நின்று பார்க்கவேண்டும்.

1947 பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களைப் பெற்றது. நுவரெலியா, தலவாக்கலை, கொட்டகலை, மஸ்கெலியா, நாவலப்பிட்டி, பதுளை, அளுத்நுவர. சப்ரகமுவவில் ஒன்றும் இல்லை. இங்கே தோட்டத் தமிழர் சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறிக் கிடந்தார்கள். அவர்களுடைய வாக்குகள் பெரும்பாலும் இடதுசாரிகளுக்குப் போயின. என்.எம். அந்த வருடம் ருவன்வெல்லையில் வென்று எதிர்க்கட்சித் தலைவரானார். அடுத்த வருடமே, 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இன் தேர்தல் சட்டத் திருத்தம் மிச்சத்தையும் முடித்தது. முந்திய தேர்தலில் வரிசையில் நின்று புள்ளடி போட்ட சனம், 1952இல் வாக்காளர் இடாப்பில் இல்லை. அந்தப் பாராளுமன்றத்துக்கு ஒரு தோட்டத் தமிழரும் தெரிவாகவில்லை. வாக்குகளால் தெரிவான ஒருவரைக் காண 1977இல் தொண்டமான் நுவரெலியா-மஸ்கெலியாவில் வெல்லும் வரை பொறுத்திருக்கவேண்டியிருந்தது.

சமசமாஜிகள் 1948இல் அந்தச் சட்டத்தை எதிர்த்து வாக்களித்தவர்கள். அதே என்.எம். நிதியமைச்சராக இருந்த 1964 ஒக்டோபரில்தான் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று ஆட்கள் எண்ணிப் பிரிக்கப்பட்டார்கள். மிஞ்சிய 1,50,000 பேர் பின்னர் 1974இல் சரிபாதியாகப் பங்கிடப்பட்டார்கள். அவர்களுடைய விருப்பத்தை யாரும் கணிக்கவில்லை. யட்டியந்தோட்டையில் தோட்டங்களைச் சுற்றித்தான் தேர்தல் கூட்டங்கள் நடந்தன. ஒலிபெருக்கியின் சத்தம் லயங்களுக்குக் கேட்டது, பெரும்பாலானவர்களுக்கு வாக்குதான் இல்லை.

நாடற்றோர் பிரச்சினை 1988ஆம், 2003ஆம் ஆண்டுகளின் சட்டங்களோடுதான் ஏட்டளவில் முடிந்தது. பெயர்கள் இடாப்பில் ஏறின. இனியாவது அவர்கள் கருத்துக்கணிப்பில் ஏறுவார்களா?

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2012 குடிசன மதிப்பீட்டின்படி இரத்தினபுரி மாவட்டத்தில் தமிழர் ஏறத்தாழப் பத்தில் ஒருவர். நாடு முழுவதையும் எடுத்தால், இம்மாவட்டத் தமிழர் ஏறத்தாழ இருநூறில் ஒருவர். நாடளாவிய கணிப்பொன்று 2,000 பேரிடம் கேட்டால், அவர்களில் இரத்தினபுரித் தமிழர் பத்துப் பேர் அளவில் இருப்பார்கள். அந்த 2,000 பேரை வைத்து நாட்டின் போக்கை ஓரளவு சொல்லலாம். அந்தப் பத்துப் பேரின் சமூகத்தைப் பற்றி எதுவும் சொல்லமுடியாது. ஆயிரம் பேரிடம் எடுத்த கணிப்பிலேயே மூன்று சதவீதம் கூடக்குறைய இருக்கும் என்று புள்ளிவிவரக்காரர்கள் ஒப்புக்கொள்கிறார்கள். அதுவும் அந்தப் பத்துப் பேர் அகப்பட்டால்தான். பகல் பதினொரு மணிக்கு வரும் தொலைபேசி அழைப்பை எடுப்பவர் மலையில் கொழுந்து பறிப்பவரல்லர். வீட்டில் கைத்தொலைபேசியோடு இருக்கும் பிள்ளை.

எங்கள் தொழிலில் இதைவிடத் தாழ்ந்த கணிப்புமுறை ஒன்று உண்டு. தேர்தல் காலத்தில் ஓர் ஊருக்குப் போனதும் முச்சக்கரவண்டிச் சாரதியிடமும் தேநீர்க்கடை முதலாளியிடமும் "இங்கே எப்படி?" என்று கேட்டுவிட்டு, மாலையில் அதை மக்கள் மனநிலை என்று எழுதுவது. நானும் அப்படிக் கேட்டவன்தான், எஹலியகொட பஸ் நிலையத்தில் பலமுறை. அவிசாவளை தாண்டி இரத்தினபுரி போகும் பிரதான வீதியில் கிடைக்கும் பதில், தோட்டத்துக்கு ஏறும் மண்பாதையின் மேலே கிடைப்பதில்லை. 2024இல் அப்படியொரு பாதையேறி லயமொன்றின் வாசலில் உட்கார்ந்தபோது, பால்வெட்டி ஓய்ந்த ஒரு மூதாட்டி சொன்னார்:

"யாரு வந்து கேட்டாலும் ஒங்க கட்சிக்குத்தான்னு சொல்லிப்புடுவோம் தம்பி. வந்தவங்க மனசு நோகக்கூடாதில்ல? புள்ளடி போடுறப்பதான் நாங்களும் அந்தக் கடுதாசியும்."

இதைப் பொய் என்று நண்பர் சொல்வாரானால் நான் மறுப்பேன். துரைக்கும் கணக்கப்பிள்ளைக்கும் தொழிற்சங்கத் தலைவருக்கும் தலைமுறைகளாகப் பதில் சொல்லிப் பழகியவர்கள், கேட்பவரின் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்வது தற்காப்பு. இந்தியாவிலும் இதே நிலை உண்டு என்று நினைக்கிறேன். 2004இல் வாஜ்பாய் அரசு திரும்பும் என்ற கணிப்புகள் கவிழ்ந்தன. 2024 ஜூனில் வாக்களித்துவிட்டு வெளியே வந்தவர்களிடமே கேட்டு எடுத்த கணிப்புகளில் பெரும்பாலானவை ஆளுங்கூட்டணிக்கு 350க்கு மேல் கொடுத்தன, கிடைத்தது 293.

(கணிப்பாளர்களை மட்டும் குறைகூறுவது நியாயமன்று. 2015 ஜனவரியில் மஹிந்த ராஜபக்ஷ வெல்வார் என்று பகிரங்கமாகச் சொன்னவர் அவருடைய ஆஸ்தான சோதிடர் சுமணதாச அபேகுணவர்தன. மைத்திரிபால சிறிசேன 51.28 சதவீதத்துடன் வென்றார். இரத்தினபுரியும் கேகாலையும் அன்று மஹிந்தவுக்கே வாக்களித்தன. வாக்குகளைத் திரட்டிக் கொடுத்தது நுவரெலியாவும் வடக்கும் கிழக்கும்.)

இனி 2024. ஜனாதிபதித் தேர்தலுக்கு முன்னர் சுகாதாரக் கொள்கை நிறுவனத்தின் கணிப்பு அநுர குமார திசாநாயக்க முன்னணியில் இருப்பதைக் காட்டியது. அது சரி. செப்டெம்பர் 21இல் அவர் 42.31 சதவீதம் பெற்றார். சஜித் பிரேமதாசவின் பலத்தைத்தான் அது குறைத்து மதிப்பிட்டது, அவர் 32.76 சதவீதம் பெற்றார். சஜித் முதலிடம் பெற்ற மாவட்டங்களைப் பாருங்கள்: யாழ்ப்பாணம், வன்னி, மட்டக்களப்பு, திருகோணமலை, திகாமடுல்ல, நுவரெலியா, பதுளை. தமிழரும் முஸ்லிம்களும் அடர்ந்து வாழும் மாவட்டங்களே பெரும்பாலும். கணிப்பு கோட்டைவிட்ட இடமும் இதுதான் என்பது என் ஊகம்.

அதற்கு ஐம்பத்து நான்கு நாள் கழித்து நடந்த பொதுத்தேர்தல், செப்டெம்பர் முடிவை வைத்துக் கணக்குப் போட்டவர்களையும் கவிழ்த்தது. சஜித்துக்கு வாக்களித்த அதே மாவட்டங்கள் பல தேசிய மக்கள் சக்தியின் பக்கம் சாய்ந்தன. நுவரெலியாவின் எட்டு ஆசனங்களில் ஐந்து; யாழ்ப்பாணத்தின் ஆறில் மூன்று. விகிதாசார முறையில் எவருக்கும் எட்டாது என்று நாங்களெல்லாம் எழுதிவந்த மூன்றிலிரண்டு, 159 ஆசனங்களாக வந்தது.

சப்ரகமுவவில் நடந்ததை அன்றைய தலைப்புச் செய்திகள் போதிய அளவு கவனிக்கவில்லை. இரத்தினபுரி மாவட்டத்துக்குப் பதினொரு ஆசனங்கள். இங்கே தமிழ் வேட்பாளர் ஒருவர் தேசியக் கட்சியொன்றின் பட்டியலில் நின்றால், தோட்ட வாக்குகள் முழுவதும் விழுந்தாலும் விருப்பு வாக்கில் பின்தங்கிவிடுவார். 2020இல் தமிழ் முற்போக்குக் கூட்டணியின் வேட்பாளர் அப்படித்தான் தோற்றார். 2024 நவம்பரில் தேசிய மக்கள் சக்தியின் சுந்தரலிங்கம் பிரதீப் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட விருப்பு வாக்குகளுடன் தெரிவானார். குழந்தைகளையும் சேர்த்தாலே மாவட்டத்தின் மொத்தத் தமிழர் தொகை ஒரு இலட்சத்தைச் சற்றே தாண்டும். அப்படியானால் சிங்களக் கிராமத்தவரும் பெருமளவில் அவருடைய இலக்கத்துக்குப் புள்ளடியிட்டிருக்கிறார்கள். "தோட்டத்துத் தமிழர் ஒருவருக்கு விருப்பு வாக்கு அளிப்பீர்களா?" என்று எஹலியகொடவிலோ பலாங்கொடையிலோ ஒரு சிங்கள விவசாயியிடம் எந்தக் கணிப்பாளரும் கேட்டதாக நான் அறியவில்லை. நானும் கேட்கவில்லை, கேட்கத் தோன்றவில்லை. பதில் தயாராக இருந்திருக்கிறது.

ஆறு மாதத்தில், 2025 மே உள்ளூராட்சித் தேர்தலில், அதே தேசிய மக்கள் சக்தியின் நாடளாவிய வாக்கு 61.56 சதவீதத்திலிருந்து 43.26 சதவீதமாக இறங்கியது. பொதுத்தேர்தலையும் உள்ளூராட்சித் தேர்தலையும் ஒரே தராசில் வைப்பது முறையன்று என்பது தெரியும். தோட்ட மக்களின் பங்கு அந்த இறக்கத்தில் எவ்வளவு என்று நண்பர் அடுத்த கடிதத்தில் கேட்கக்கூடும். அதற்குக் கணிப்பு அறிக்கைகளைப் புரட்டிப் பயனில்லை. வாக்களிப்பு நிலைய வாரியான பெறுபேறுகளை எடுத்து, தோட்டப் பாடசாலைகளில் அமைந்த நிலையங்களைத் தனியே பிரித்து எண்ணிப் பார்க்கவேண்டும்.