குய்யும் தாளிதமும்: தமிழர் அடுக்களையில் ஆக்கலும் கொள்ளலும்

முன்னுரை

தமிழர் உணவு வரலாறு பற்றிய எழுத்துகளில் நெல்லும் இறைச்சியும் கள்ளும் பெற்ற கவனத்தை எண்ணெய் பெறவில்லை. ஆனால் சூடேறிய எண்ணெயில் கடுகும் கறிவேப்பிலையும் பொரிந்து, அம்மணமேறிய எண்ணெய் உள்ளே கொட்டப்படும்போதுதான் குழம்பு நிறைவு பெறுகிறது. மணப்பொருட்களின் வாசக்கூறுகளில் பெரும்பாலானவை நீரைவிடக் கொழுப்பில் எளிதாகக் கரைபவை. ஆகவே தாளிதம் சமையலின் இன்றியமையாத ஒரு கட்டம். இம்மண எண்ணெயில் எப்பகுதி வீட்டில் ஆக்கப்பட்டது, எப்பகுதி விலைக்குக் கொள்ளப்பட்டது என்பதே இக்கட்டுரையின் வினா. முற்காலத்தில் அனைத்தும் வீட்டிலேயே ஆக்கப்பட்டன, இன்று அனைத்தும் கடைச்சரக்காகிவிட்டன என்னும் பொதுக்கருத்துக்குச் சான்றுகள் இடந்தரவில்லை. கொழுப்பு தொன்றுதொட்டே விலைப்பொருளாக இருந்துள்ளது. அதற்கு மணமேற்றும் வேலையே வீட்டுக்குரியதாக இருந்தது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட எல்லை எவ்வாறு நகர்ந்தது என்பதைச் சொற்களின் வழியாகவும் பொருட்களின் வழியாகவும் காணலாம்.

குய்: புகையும் ஓசையும்

தாளிதத்தைக் குறிக்கும் சங்ககாலச் சொல் 'குய்'. கூடலூர் கிழாரின் குறுந்தொகை 167ஆம் பாடலில் புதுமணப்பெண் ஒருத்தி தயிரைத் தன் விரல்களால் பிசைகிறாள். தாளிப்பின் புகை கண்களில் நிறைய, புளிக்குழம்பைத் தானே துழாவிச் சமைக்கிறாள். கணவன் இனிது என்று உண்ண, அவள் முகம் நுண்ணிதின் மலர்கிறது. இதனைக் கண்டு வந்த செவிலி நற்றாயிடம் கூறுவதாகப் பாடல் அமைகிறது. புகுந்த வீட்டில் மகள் இல்லறத்தைத் தானே நடத்துகிறாள் என்பதற்குச் செவிலி காட்டும் சான்றுகளுள் குய்ப்புகையும் ஒன்று.

தாயங்கண்ணியாரின் புறநானூறு 250ஆம் பாடல் இதன் மறுபக்கம். அங்குப் பேசப்படுவது தாளிப்பின் ஓசை. கொழுவிய துவையலோடு கூடிய உணவுக்காக இரவலரைத் தடுத்து நிறுத்திய வாயில், தலைவன் இறந்தபின் பொலிவிழக்கிறது. கூந்தல் களைந்து கைம்மை நோற்கும் மனைவிக்கு அல்லியரிசியே உணவாகிறது. ஒரு பாடலில் குய் தொடங்கும் இல்லறத்தின் அடையாளம். மற்றொன்றில் அதன் இன்மை இழப்பின் அடையாளம். இவ்விரு பாடல்களிலும் குய் பெண்ணின் கைவினையோடும் அவளுடைய நிலையோடும் பிணைந்தே வருகிறது.

'தாளி' என்னும் வினையைப் பிற்காலப் புதுச்சொல் என்று ஒதுக்குவதும் பொருந்தாது. தெலுங்கில் 'தாலிம்பு' என்றும் மலையாளத்தில் 'தாளிக்குக' என்றும் அதன் இனச்சொற்கள் வழங்குகின்றன. இலக்கிய வழக்கில் ஒரு சொல்லும் அடுக்களை வழக்கில் மற்றொரு சொல்லும் உடனிலையாக வாழ்ந்திருக்க வாய்ப்புண்டு.

நெய்யும் எண்ணெயும்

இன்று 'நெய்' என்றால் உருக்கிய பால்நெய். பழந்தமிழில் அது கொழுப்புப் பொருள் அனைத்துக்குமான பொதுப்பெயர். எள்ளின் நெய் 'எண்ணெய்' ஆயிற்று. பின்னர் எண்ணெய் என்னும் சிறப்புப்பெயரே பொதுப்பெயராக விரிந்து தேங்காயெண்ணெய், வேப்பெண்ணெய், விளக்கெண்ணெய் எனப் பெருகியது. எள்ளோடு எவ்வகைத் தொடர்பும் இல்லாத மண்ணெண்ணெய் வரை சென்றது. தன் பெயரைப் பிற எண்ணெய்களுக்குக் கொடுத்துவிட்ட எள்ளெண்ணெய், 'நல்லெண்ணெய்' என்ற அடைமொழியால் தன்னை வேறுபடுத்திக் கொண்டது. ஆகவே பழம்பாடல்களில் வரும் நெய்யை எல்லா இடங்களிலும் பசுநெய் என்று பெயர்ப்பது, அக்கால உணவைப் பற்றிய பிழையான முடிவுகளுக்கு இட்டுச் செல்லும்.

இந்நெய் வீட்டுக்கு எவ்வாறு வந்தது? கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படை ஓர் ஆய்மகளைக் காட்டுகிறது. மோர் விற்ற வருவாயில் அவள் தன் சுற்றத்தை உண்பிக்கிறாள். நெய்க்கு விலையாகப் பொன்னைக் கொள்ளாமல் எருமையும் பசுவும் பெறுகிறாள். நெய் விலைப்பொருளாக இருந்தமைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. அந்நூலே அந்தணர் மனையில் மாதுளங்காயின் பிளவுகள் மிளகும் கறிவேம்பின் இலையும் கலந்து வெண்ணெயில் வேவதையும் கூறுகிறது. இறுதியில் கொட்டும் இன்றைய தாளிதத்தினின்று இது வேறுபட்டதாயினும், கொழுப்பும் மிளகும் கறிவேப்பிலையும் ஒருங்கே சேரும் முறை அத்துணைப் பழமையானது. கொழுப்பை விற்றவள் ஒருத்தி; அதில் மணமேற்றியவள் மற்றொருத்தி.

விளக்கின் எண்ணெய், அடுப்பின் எண்ணெய்

இடைக்காலக் கல்வெட்டுகளில் எண்ணெயும் நெய்யும் மிகுதியாகப் பேசப்படுகின்றன. செக்குகளின்மீது 'செக்கிறை' விதிக்கப்பட்டது. எண்ணெய் வணிகரான சங்கரபாடியார் கோயிற்கொடைகளில் இடம்பெறுகின்றனர். நந்தாவிளக்கு ஒன்றுக்கு நாள்தோறும் உழக்கு நெய் அளக்க 96 ஆடுகள் விடப்பட்ட செய்தியைத் தஞ்சைக் கல்வெட்டுகளிற் காண்கிறோம். விளக்குக்கு எண்ணெய் அளிக்கச் செய்தளித்த கற்செக்குகள் சிலவற்றில் எழுத்துப்பொறிப்புகளும் உள்ளன. நெய்யமுது, கறியமுது, மிளகமுது எனத் திருவமுதுக்குரிய பொருட்களும் அளவோடு குறிக்கப்பட்டன.

இச்சான்றுகளின் பெருக்கமே ஆய்வாளரை ஒருபக்கம் சாய்த்துவிடக்கூடும். கல்லில் வெட்டப்பட்டது இறைவனுக்குரிய எண்ணெய். வீட்டு அடுப்பின் எண்ணெய்க்குக் கொடையும் இல்லை, அதனால் கல்வெட்டும் இல்லை. கோயில் மடைப்பள்ளிக் கணக்கைக் கொண்டு குடும்ப அடுக்களையை அளப்பது முறையாகாது. வீட்டுத் தாளிதத்தின் வரலாற்றுக்குப் பாடல்களும் வழக்குச்சொற்களும் புழங்குபொருட்களும் முதன்மைச் சான்றுகளாக வேண்டும்.

புதிய சரக்குகள்

போர்ச்சுகீசியர் வழியாக 16ஆம் நூற்றாண்டில் இந்தியா வந்த மிளகாய், மிளகின் பெயரைத் தாங்கியே தமிழில் நிலைபெற்றது. இன்று தாளிதத்தின் இயல்பான உறுப்பாகத் தோன்றும் காய்ந்த மிளகாய் சில நூற்றாண்டுப் பழமையே உடையது. தென்னார்க்காட்டில் 'மணிலாக் கொட்டை' எனவும் 'மல்லாட்டை' எனவும் வழங்கும் நிலக்கடலை, 19ஆம் நூற்றாண்டில் புதுச்சேரித் துறைமுகத்தினின்று மார்சேய் நகர ஆலைகளுக்குப் பெருமளவில் ஏற்றுமதியாயிற்று. அதன் எண்ணெய் தமிழக அடுக்களையிலும் நல்லெண்ணெயோடு இடம் பங்கிட்டது. 1937இல் சந்தைக்கு வந்த டால்டா, 'வனஸ்பதி' என்னும் புதுவகைக் கொழுப்பை நெய்யின் இடத்துக்கே கொண்டுவந்தது. 2007இல் தொடங்கிய சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தின்கீழ் பாமாயில் நியாயவிலைக் கடைக்கு வந்தது. ஆய்மகள், வாணியர், ஆலை, அரசு எனக் கொழுப்பை அளிப்போர் மாறினர். அதைப் பெற்று மணமேற்றும் வேலை வீட்டிலேயே நின்றது.

வடகம்: நகரும் எல்லை

அவ்வேலையும் வீட்டைக் கடந்து செல்வதைத் தாளிப்பு வடகத்திற் காணலாம். சின்ன வெங்காயம், பூண்டு, கடுகு, உளுந்து, சீரகம், வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை ஆகியவற்றை விளக்கெண்ணெயோடு பிசைந்து, உருட்டி, கோடை வெயிலில் பல நாள் காயவைத்துச் சேமிப்பர். தேவைப்படும்போது சிறிது கிள்ளிச் சூடான எண்ணெயிலிட்டால் தாளிதம் முடிந்துவிடும். அன்றாட வேலையைக் கோடையின் சில நாட்களில் குவித்து முடிக்கும் உத்தி இது. குவித்துச் செய்யத்தக்கதும் கெடாததுமாகிய பொருள் விற்கத்தக்கதும் ஆகிறது. வடகம் கடைச்சரக்கானதற்கு இதுவே காரணம். புதுச்சேரித் தொடர்பால் 'வடுவான்' என்ற பெயரில் பிரெஞ்சுச் சமையலிலும் அது புகுந்துள்ளது. வடகத்தை விலைக்கு வாங்குபவர், முன்னர் ஒரு வீட்டுப்பெண் செய்த மணமேற்றும் உழைப்பின் பெரும்பகுதியையும் சேர்த்தே வாங்குகிறார்.

முடிவுரை

விலைக்குக் கொள்வதைப் பண்பாட்டுச் சிதைவாகவும் வீட்டில் ஆக்குவதைத் தூய மரபாகவும் எதிர்நிறுத்தும் பார்வை, ஆய்மகளின் நெய் வணிகத்தையும் செக்காரின் உழைப்பையும் ஒருங்கே மறைக்கிறது. புகையில் கண் கலங்க நின்றவளின் வேலையையும் மரபு என்ற ஒற்றைச் சொல்லுக்குள் கரைத்துவிடுகிறது. பழம்பாடல்களைப் பதிப்பிப்போரும் மொழிபெயர்ப்போரும் 'நெய்' வரும் இடந்தோறும் சூழல் நோக்கிப் பொருள் கொள்ளல் வேண்டும். உணவு வரலாற்றாளர் வட்டாரந்தோறும் வடகம் செய்வோரின் சொற்களையும் அளவுகளையும் அவர்கள் உயிரோடிருக்கும்போதே பதிந்து வைத்தல் வேண்டும். கல்வெட்டு பேசாத இடத்தில் அவர்தம் வாய்மொழியே ஆவணம்.