முத்தின் நிறமும் விளக்கின் நிறமும்

முத்தை அளவால் மட்டும் மதிப்பிடும் வழக்கம் நம் கடற்கரையில் இருந்ததில்லை. துளையிட்ட பித்தளைத் தட்டுகளில் சலித்துப் பருமன்வாரியாகப் பிரித்த பின்னர், பகல் வெளிச்சத்தில் நிறத்தையும் ஒளிர்வையும் பார்த்தே விலை சொன்னார்கள். 1961-ஆம் ஆண்டோடு தூத்துக்குடியில் முத்துக்குளித்தல் நின்றுபோயிற்று. ஆயினும் அந்தப் பார்வை நமக்கு இன்றும் தேவைப்படுகிறது. இல்லத்திற்கு ஒரு மின்விளக்கு வாங்குவதற்கு!

தேங்காய், இலுப்பை, புன்னை எண்ணெய்களில் திரி எரிந்த காலத்தில் நெருப்பின் நிறமே விளக்கின் நிறம். தேர்வுக்கு இடமில்லை. ஆஸ்திரிய வேதியியலார் ஆவர் வான் வெல்ஸ்பாக் 1891-இல் தோரியத்துடன் சிறிதளவு சீரியம் சேர்த்து மாண்டில் வலையைச் செம்மைப்படுத்தியபோது இந்நிலை மாறியது. திருவிழா இரவுகளை வெளுக்கச் செய்த பெட்ரோமாக்ஸ் விளக்கின் உயிர் அந்த வலையே. இவ்விரு தனிமங்களும் அடங்கிய மோனசைட் மணலை 1909-இல் ஷோம்பெர்க் என்னும் ஜெர்மானியர் நமக்கு அண்மையிலுள்ள மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கண்டறிந்தார். உலகின் விளக்குகளுக்கு நம் தென்கரை மணலும் ஒளி தந்தது.

பின்னர் மின்சாரம் வந்தது. குண்டு பல்பு கனிவான மஞ்சள் ஒளி தந்தது. ஆனால் உண்ட மின்சாரத்தில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கையே ஒளியாக்கியது, எஞ்சியது வெப்பமாய் வீணாயிற்று. இந்த வீணுக்கு நம் ஊர் விலை கொடுத்தது. 1979-இல் தூத்துக்குடி அனல்மின் நிலையத்தின் முதல் அலகு இயங்கத் தொடங்கியது. நாளடைவில் 210 மெகாவாட் அலகுகள் ஐந்தாயின. கப்பலில் வந்திறங்கிய நிலக்கரி எரிந்தது. அதன் சாம்பல் நம் கரையிலேயே குவிந்தது.

சிக்கனம் தேடியவர்களுக்குக் குழல்விளக்கும், அதன்பின் சி.எஃப்.எல். விளக்கும் துணைசெய்தன. ஆனால் அவற்றுள் பாதரசம் இருந்தது. பலர் வாங்கியவையோ வெளிறிய வெண்ணிறம். சிக்கனம் என்றால் இந்த வெளிறல்தான் என்று மக்கள் பழகிவிட்டார்கள்.

நீலநிற எல்.இ.டி.யை உருவாக்கிய அகாசாகி, அமானோ, நகாமுரா ஆகிய மூவரும் 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றனர். அந்த நீல ஒளியின்மீது, சீரியம் கலந்த மஞ்சள் பூச்சைப் பூசினால் வெள்ளொளி பிறக்கிறது. மாண்டிலை ஒளிர்வித்த அதே சீரியம்! சிவப்பாய் ஒளிரும் பூச்சும் சேர்ந்தால் ஒளி கனிகிறது. 2015-இல் தொடங்கிய உஜாலா திட்டத்தால் 36 கோடிக்கும் மேற்பட்ட எல்.இ.டி. பல்புகள் இந்திய இல்லங்களுக்குச் சென்றன. நாளொன்றுக்கு ஐந்து மணி நேரம் எரியும் 60 வாட் பல்பு ஆண்டுக்கு ஏறத்தாழ 110 யூனிட் கொள்ளும்; ஏறக்குறைய அதே ஒளி தரும் 9 வாட் எல்.இ.டி.க்குப் பதினாறு யூனிட் போதும்.

சிக்கனம் கைகூடிவிட்டது. இனி நிறத்தை நாம் தேர்ந்தெடுக்கலாம். அட்டைப்பெட்டியில் ‘கெல்வின்’ என்றொரு எண் இருக்கும். 2700 அல்லது 3000 என்றால் பழைய பல்பின் மஞ்சள். 6500 என்றால் நீலம் கலந்த வெண்மை. எண் கூடினால் வெளிச்சம் கூடும் என்பது தவறான எண்ணம்; நிறம் மட்டுமே மாறுகிறது. கணக்கு எழுதும் மேசைக்கும் மீன் அரியும் அடுக்களைக்கும் வெண்மை பொருந்தலாம். ஆனால் இரவில் நீல ஒளி உறக்கத்தைத் தள்ளிப்போடும். குடும்பச் செபமாலைக்கு அமரும் கூடத்தில், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும் நேரத்தில், அலுவலக வெளிச்சம் எதற்கு?

திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட ‘லவுதாத்தோ சி’ சுற்றுமடலில், வேண்டாத விளக்கை அணைப்பதையும் படைப்பைப் பேணும் அன்றாடச் செயல்களுள் ஒன்றாகக் குறிப்பிடுகிறார். அணைப்பதில் அறம் உண்டெனில், ஏற்றுவதிலும் அறம் உண்டு. மலைப்பொழிவில் ஆண்டவர் காட்டிய விளக்கு, வீட்டிலுள்ள அனைவருக்கும் ஒளி தருவதற்காகவே தண்டின்மேல் ஏறியது. நம் இல்ல விளக்கும் அயலார் முற்றத்தில் சாம்பலைச் சேர்க்காமல், நம்மவர் முகங்களை நமக்கு இனிதாய்க் காட்டட்டும்.