நித்தியகல்யாணியும் வாய்வழி மருந்தும்

மடகாஸ்கர் தீவில் தோன்றி, நம் வீட்டு வாயில்வரை வந்து பூத்து நிற்கும் செடி நித்தியகல்யாணி. ஜமைக்கா மக்கள் அதன் இலைக் கசாயத்தை நீரிழிவுக்குப் பருகி வந்தனர். 1952ஆம் ஆண்டில் அவ்விலைகள் சில கனடாவை அடைந்தன. மேற்கு ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் ராபர்ட் நோபிள் அச்சாற்றை எலிகளுக்கு வாய்வழியே புகட்டினார். இரத்தச் சர்க்கரை குறையவில்லை. ஊசிவழியே செலுத்தியபோதோ எலிகள் நோய்த்தொற்றால் மடிந்தன. அவற்றின் வெள்ளணுக்கள் வெகுவாகக் குறைந்திருந்தன. அத்தகைய பொருள், வெள்ளணு மிகுந்து வருத்தும் இரத்தப் புற்றுநோய்க்கு மருந்தாகாதா என்ற எண்ணம் அங்கே பிறந்தது. சார்லஸ் பீருடன் இணைந்து அவர் பிரித்தெடுத்த வின்பிளாஸ்டீன் 1958இல் அறிவிக்கப்பட்டது. வின்கிறிஸ்டீன் அதனைப் பின்தொடர்ந்தது.

ஆயினும் அந்த எலிகளிடம் கண்ட வாய்வழித் தடை நீங்கவில்லை. குடல் இம்மருந்துகளைச் சரிவர உறிஞ்சுவதில்லை. கேம்பிரிட்ஜை அடுத்த பாப்ரகாமில் அலெக் பாங்கம் ஆராய்ந்து 1964இல் வெளியிட்ட கொழுப்பு நுண்குமிழ், அதாவது லிப்போசோம், பின்னர் ஒரு புதிய நம்பிக்கையை அளித்தது. குமிழுக்குள் மருந்தைப் பொதிந்து குடலைக் கடத்திவிடலாம் அன்றோ? ஆனால் கொழுப்பைச் சிதைப்பதே பித்தநீரின் தொழிலாயிற்றே! குமிழ் குடலிலேயே உடைந்துபோகும். அப்பித்த உப்பையே குமிழின் சுவரில் முன்கூட்டிச் சேர்த்து உறுதிப்படுத்தும் முயற்சி சுவையானது. முள்ளை முள்ளால் எடுக்கும் முறை எனலாம்.

2012இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற லிப்போசோம் வின்கிறிஸ்டீனும் இரத்தநாளத்தின் வழியாகவே ஏற்றப்பட்டது. 2022இல் அவ்வொப்புதலும் திரும்பப் பெறப்பட்டது. இரத்தப் புற்றுநோயுற்ற சிறுவர்க்கு வின்கிறிஸ்டீன் இன்றும் ஊசிவழியேதான் செல்கிறது.